மரம் விழுந்தால் எல்லை நகரும்

(சுசீந்திரத்தில் இளைஞர்களுக்காக நடந்த சட்டப் பயிலரங்கில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வரும் வழியில் தாணுமாலயன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். உள்ளே ஒரு கொன்றை மரம் இருக்கிறது. தலவிருட்சம். அந்த ஒரு மரத்துக்குச் சன்னதி வைத்து, பூசை வைத்து, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். மரத்தைக் காப்பாற்றியதில் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த மரத்துக்குக் கொடுத்த மரியாதையை இந்த ஊர் மனிதனுக்குக் கொடுக்கவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926-இல் டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. பூதப்பாண்டி ஜீவா கலந்துகொண்ட போராட்டம் அது. கோயிலுக்குள் போவதற்கு 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் அரசு பிரகடனம் வெளியிடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தெருவில் நடக்கும் உரிமை கிடைத்துவிட்டது. இன்று நான் பேச வந்தது அதற்கு அடுத்த கேள்வியைப் பற்றி. நமக்கென்று ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதில் நாலு தென்னை, ஒரு பலா, ஒரு அயனி நிற்கிறது. பக்கத்து விளைக்காரர் ஒரு நாள் ஆளோடு வந்து வெட்டிப் போட்டுவிடுகிறார். என்ன செய்வது? சட்டம் என்ன சொல்கிறது? போலீஸ் நிலையத்தில் என்ன சொல்வார்கள்? இந்த மூன்றையும்தான் பேசப் போகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பதினைந்து சென்ட் விளை. மேற்கு ஓரத்தில் ஒரு அயனி மரம். என் பாட்டி நட்டது. பக்கத்து நிலம் ஊரில் பெரிய குடும்பத்துக்குச் சொந்தம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் மாலை வந்து பார்த்தால் மரம் இல்லை. கேட்கப் போன அப்பாவிடம், "உம்ம மரம்தானா அது? எல்லையிலல்லவா நின்னது! சரி, வச்சுக்கிடும்" என்று இருநூறு ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஊரில் நாலு பேர், "பெரிய மனுசன் தானாவே ரூபாய் தந்திருக்காரு, பேசாம வாங்கிக்க" என்றார்கள். அப்பா வாங்கிக்கொண்டார்.

அடுத்த மழைக்காலம் கழிந்து அவர்கள் வேலி கட்டினார்கள். வேலி எங்கே வந்தது தெரியுமா? அயனி நின்ற குற்றிக்கு இந்தப் பக்கம் மூன்று அடி தள்ளி. அப்பா கேட்டதற்கு, "எல்லை மரத்துக்குத்தான் நீர் ரூபாய் வாங்கியாச்சே" என்றார்கள். அந்த மூன்று அடி இன்றுவரை திரும்பி வரவில்லை.

வக்கீல் ஆன பிறகுதான் எனக்கு அது புரிந்தது. அவர்களுக்குப் பலகை வேண்டியிருக்கவில்லை. அந்த நிலம் யார் கையில் இருந்தது என்பதற்கு அந்த மரம் சாட்சி. நாற்பது வருட மரம் நிற்கிறது என்றால், நாற்பது வருடமாக அதை நட்டவர் அங்கே இருந்திருக்கிறார் என்று பொருள். கையில் முறையான பட்டா இல்லாதவனுக்கு மரம்தான் பத்திரம். சாட்சியை முதலில் வெட்டிவிட்டால் வேலியைப் பிறகு நகர்த்திக்கொள்ளலாம். இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

போலீஸ் நிலையத்துக்குப் போனால் வழக்கமாக வரும் பதில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." கொஞ்சம் இரக்கம் உள்ளவர் என்றால் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார். இந்தப் பதில் பெரும்பாலும் தவறு.

மரம் மண்ணில் வேரூன்றி நிற்கும்வரை அது அசையாச் சொத்து. அசையாச் சொத்தைத் திருட முடியாது. இதைச் சொல்லித்தான் சிலர் நம்மைத் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் 1860-இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 378-ஆம் பிரிவில் திருட்டு என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, அதற்குக் கொடுத்த முதல் எடுத்துக்காட்டே மரம்தான். ஒருவர் இன்னொருவருடைய நிலத்தில் நிற்கும் மரத்தை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வெட்டுகிறார். மண்ணிலிருந்து மரம் பிரிந்த அந்தக் கணத்திலேயே திருட்டு முடிந்துவிட்டது என்கிறது சட்டம். லாரியில் ஏற்ற வேண்டும் என்றுகூட இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 303-ஆம் பிரிவாக வந்திருக்கிறது. மூன்று ஆண்டுவரை சிறை. மிகச் சிறிய மதிப்புள்ள திருட்டைத் தவிர, மற்றத் திருட்டுக்குப் போலீஸ் வழக்குப் பதிய நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை.

சரி, வெட்டியவர் மரத்தை எடுத்துப் போகவில்லை, வீம்புக்கு வெட்டி அப்படியே போட்டுவிட்டார் என்று வையுங்கள். அப்போது அது சொத்துக்குச் சேதம் விளைவித்தல். 324-ஆம் பிரிவு. இங்கே நட்டத்தின் அளவைப் பொறுத்துத் தண்டனை மாறும். சாதாரணமாக ஆறு மாதம்வரை. நட்டம் 20,000 ரூபாய் முதல் 1 லட்சத்துக்குள் என்றால் இரண்டு ஆண்டுவரை. 1 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்து ஆண்டுவரை. இது போக, குற்றம் செய்யும் நோக்கத்தோடு நம் நிலத்துக்குள் நுழைந்தது அத்துமீறல். அது 329-ஆம் பிரிவு.

அதனால்தான் மரத்தின் மதிப்பை யார் சொல்வது என்பது முக்கியமாகிறது. வெட்டியவர் விறகு விலையைச் சொல்வார். நாம் அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. காய்க்கிற தென்னை என்பது வருமானம். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஒரு மரம் வருடத்துக்கு 80 காய், ஒரு காய் 15 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 1,200. இன்னும் முப்பது வருடம் காய்க்கும் மரம் என்றால் 36,000. மூன்று மரம் போனால் 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நீதிமன்றம் பராமரிப்புச் செலவைக் கழிக்கும், வேறு விதமாகவும் கணக்குப் போடும். அது அவர்கள் வேலை. ஆனால் புகாரில் எழுதும்போதே "மூன்று மரம் வெட்டப்பட்டது" என்று மொட்டையாக எழுதாமல், மரத்தின் வயது, காய்ப்பு, வருட வருமானம் எல்லாவற்றையும் எழுத வேண்டியது நம் வேலை.

2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தாஜ்மகாலைச் சுற்றியுள்ள பாதுகாக்கப்பட்ட பகுதியில் அனுமதியில்லாமல் 454 மரங்களை ஒரே இரவில் வெட்டிய வழக்கு. மரம் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம். அது சுற்றுச்சூழல் வழக்கு. நம்முடையது போல நிலத்துக்காரருக்கு இழப்பீடு கேட்ட வழக்கு இல்லை. இருந்தாலும் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒரு மரத்தை என்ன விலைக்கு மதித்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். என் பாட்டியின் அயனிக்கு ஊர் போட்ட விலை இருநூறு.

சிவில் வழக்கும் போடலாம். கிரிமினல் புகார் கொடுத்தால் சிவில் வழக்குப் போடக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீதி மரங்களை வெட்டாமல் தடுக்க உறுத்துக்கட்டளை கேட்கலாம். அத்துமீறி நட்டம் செய்ததற்கு இழப்பீடு கேட்டு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நிலத்தை விட்டே விரட்டிவிட்டார்கள் என்றால், குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 6-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இந்தப் பிரிவின் சிறப்பு என்ன தெரியுமா? நிலம் யாருக்குச் சொந்தம் என்று நிரூபிக்கச் சொல்லாது. நேற்றுவரை யார் கையில் இருந்தது என்று மட்டும் கேட்கும். பத்திரம் இல்லாத நம் ஆட்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் ஆறு மாதம் தாண்டினால் கதவு மூடிவிடும். என் அப்பாவுக்கு இதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

எதிர்த் தரப்பு என்ன சொல்லும்? "என் மரம் என்று நினைத்துத்தான் வெட்டினேன்" என்று சொல்லும். உண்மையிலேயே அப்படி நம்பினார் என்றால் அது திருட்டாகாது, நேர்மையற்ற எண்ணம் இல்லை என்றாகிவிடும். அதனால்தான் மரத்தை வெட்டும் முன்னாலேயே எல்லையில் ஒரு தகராறைக் கிளப்பி வைப்பார்கள். தகராறு இருந்தால் "சிவில் மேட்டர்" என்று சொல்ல வசதி. இதற்கு நம்மிடம் மருந்து ஒன்றே ஒன்றுதான்: மரம் நிற்கும்போதே காகிதம் சேர்ப்பது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதே சட்டம் நமக்கும் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு மாமரக் கிளை நம் கூரைமேல் வந்தால், நம் எல்லைக்குள் வந்த அளவுக்கு வெட்டிவிடலாம். அதற்காக அவர் நிலத்துக்குள் போகக் கூடாது. வெட்டிய கிளையும் காயும் அவருடையது. நம் சொந்த நிலத்தில் நிற்கும் பனையைக்கூட மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது.

மரம் யாருக்குச் சொந்தம்?

இந்த மண்ணில் இது பழைய கேள்வி. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் எல்லாம் ராஜவிருட்சம். அது யார் நிலத்தில் முளைத்தாலும் சர்க்காருக்குச் சொந்தம். தண்ணீர் விட்டவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. பனை ஏறியவர்களிடம் அவர்கள் ஏறும் ஏணிக்கும், காலில் மாட்டும் தளைக்கும்கூட வரி வாங்கியிருக்கிறார்கள். குழிக்காணம் என்று ஒரு குத்தகை முறை இருந்தது. தரிசு நிலத்தில் குடியானவர் குழி தோண்டி மரம் வைப்பார். குத்தகை முடிந்து வெளியே அனுப்பும்போது மரத்துக்கு விலை கொடுக்க வேண்டும். உழைத்து வைத்த மரத்துக்கு ஒரு உரிமை உண்டு என்று அந்தப் பழைய முறையே ஒப்புக்கொண்டது.

ஆனால் அந்தக் குழியை உண்மையில் தோண்டியது யார்? இந்த நாட்டில் 1855 வரை அடிமை முறை சட்டப்படி இருந்தது. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் மனிதர்களை விற்ற ஆவணங்கள் இருக்கின்றன. விற்கப்பட்ட மனிதன் நட்ட மரம் எப்படி அவனுக்குச் சொந்தமாகும்? 1892-இல் சென்னை மாகாணத்தில் டிரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. நாம் அப்போது திருவிதாங்கூரில். 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அந்த ஆணை இந்தப் பக்கம் வரவே இல்லை. இங்கே அய்யன்காளி திருவிதாங்கூர் பிரஜா சபைக்குள் போய், எங்கள் மக்களுக்கு நிலம் கொடுங்கள் என்று கேட்டுப் பேச வேண்டியிருந்தது. அப்படிப் போராடிக் கிடைத்த நிலமும், காசு சேர்த்து வாங்கிய ஐந்து சென்ட் பத்து சென்ட்டும்தான் இன்று நம் கையில் இருப்பது.

ராஜவிருட்சம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2020-இல் பக்கத்து மாநிலத்தில், வயநாடு மாவட்டம் முட்டிலில் என்ன நடந்தது? அரசு பட்டா கொடுத்த நிலங்கள் அவை. பழங்குடியினரும் சிறு விவசாயிகளும் வைத்திருந்தார்கள். அந்த நிலத்தில் நின்ற ஈட்டி மரம் மட்டும் அரசுக்குச் சொந்தம். 2020 அக்டோபர் 24-இல் கேரள வருவாய்த் துறை, பட்டா நிலத்து மரங்களை வெட்டுவது பற்றி ஒரு உத்தரவு போட்டது. 2021 பிப்ரவரியில் அதை ரத்து செய்தது. இந்த இடைவெளியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஈட்டி மரங்கள் விழுந்துவிட்டன. பரிசோதனையில் பல மரங்கள் பல நூற்றாண்டு வயதானவை என்று தெரிந்தது. வியாபாரிகள் வந்து, அனுமதியெல்லாம் நாங்கள் வாங்கிவிட்டோம் என்று சொல்லி, சொற்பத் தொகையைக் கையில் கொடுத்து வெட்டிக்கொண்டு போனார்கள் என்பதும், நிலத்துக்காரர்கள் பெயரில் போலியாக விண்ணப்பம் தயாரித்தார்கள் என்பதும் குற்றச்சாட்டு. 2023 டிசம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. நம் கவலை என்னவென்றால், ஏமாற்றப்பட்டதாகச் சொன்ன பழங்குடியினரும் விசாரணை, நோட்டீஸ் என்று அலைய வேண்டி வந்தது. மரத்தின் காசு போன இடம் வேறு. வழக்கு வந்து நின்ற வாசல் வேறு.

மரம் வெட்டியதாகச் சொல்லி நம் மக்கள்மேல் கை வைக்கும்போது மட்டும் அரசு எவ்வளவு வேகமாக வருகிறது என்று பாருங்கள். 1992 ஜூன் 20, தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தன மரம் பதுக்கியதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் ஒரு மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்த மக்களுக்குத் தீர்ப்புக் கிடைத்தது 2011 செப்டம்பர் 29-இல். பத்தொன்பது ஆண்டுகள். அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் செத்தே போனார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை 2023-இல்தான் உறுதி செய்தது. 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்களை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. விசாரணை இல்லை, வாதம் இல்லை.

அங்கே மரத்துக்காக உயிரை எடுக்கலாம். இங்கே நம் நிலத்தில் மரத்தை வெட்டினால் "சிவில் மேட்டர்". இரண்டும் ஒரே நாட்டுச் சட்டம்தான். ஆனால் யார் வெட்டினார், யார் நிலத்தில் வெட்டினார் என்பதைப் பார்த்து அது நடக்கிறது. சாதி என்பது இதுதான்.

வன்கொடுமைச் சட்டம் எங்கே வருகிறது?

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த உண்மையைத் தெரிந்துகொண்டு எழுதப்பட்ட சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அதன் 3(1)(ஜி) பிரிவு என்ன சொல்கிறது? பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அவர்கள் நிலத்திலிருந்து தவறான முறையில் வெளியேற்றுவது, நிலத்தின் மீதான அவர்கள் உரிமை அனுபவத்தில் குறுக்கிடுவது, பயிரை அழிப்பது, விளைச்சலை எடுத்துக்கொண்டு போவது, இவை எல்லாம் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை, அபராதமும் உண்டு. தென்னையும் வாழையும் பயிர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அயனியும் தேக்கும் பயிரா என்று வாதம் வந்தால், அனுபவத்தில் குறுக்கிடுவது என்ற சொல் அதையும் சேர்த்துப் பிடிக்கும் என்று நாம் வாதாட வேண்டும்.

"தவறான முறையில்" என்றால் என்ன என்பதற்கும் அந்தச் சட்டம் விளக்கம் தருகிறது. விருப்பத்துக்கு மாறாக, சம்மதம் இல்லாமல் என்பதோடு நிற்கவில்லை. உயிர்ப் பயமோ அடிதடிப் பயமோ காட்டி வாங்கிய சம்மதமும் சம்மதம் ஆகாது. நில ஆவணத்தைப் போலியாகத் தயாரிப்பதும் அதில் வரும். இந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் அப்பா கையில் திணித்த அந்த இருநூறு ரூபாய்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

இந்தச் சட்டத்தில் வேறு சில வசதிகளும் உண்டு. முன்ஜாமீன் கிடையாது. எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. டி.எஸ்.பி. அளவுக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். வெட்டியவருக்கு நம் குடும்பத்தை நேரடியாகத் தெரியும் என்றால், நம் சாதியும் அவருக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். பாதிக்கப்பட்டவருக்கு விதிகளின்படி 1 லட்சம் ரூபாய் தீருதவி உண்டு. நிலத்தை அரசு தன் செலவில் மீட்டுக் கொடுக்க வேண்டும். புகாரை வாங்க மறுக்கும் அதிகாரி பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவராக இருந்தால், கடமை தவறியதற்காக அவர்மேலேயே 4-ஆம் பிரிவில் வழக்கு வரும்.

ஒரு தடையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். 2020 நவம்பர் 5-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் சொத்துத் தகராறு என்றால் இந்தச் சட்டம் வராது, சாதியின் காரணமாக நடந்தது என்று குற்றச்சாட்டு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கில் முக்கியமாக ஆராய்ந்தது சாதி சொல்லி அவமதித்த பிரிவை. நிலம் தொடர்பான பிரிவு வேறு. நிலப் பறிப்பையே குற்றமாக்கிய பிரிவுக்கு நிலத் தகராறு எப்படி விதிவிலக்காகும் என்று நாம் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனாலும் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

அதனால் புகாரில் நடந்ததை நடந்தபடி முழுதாக எழுதுங்கள். வெட்டும்போது என்ன சொன்னார்கள்? யார் முன்னால் சொன்னார்கள்? எல்லையில் வரிசையாக நின்ற மரங்களில் நம் மரத்தை மட்டும் வெட்டி, அதே எல்லையில் அவர் சாதிக்காரர் நிலத்தில் நின்றதை விட்டுவிட்டார்களா? இதற்கு முன் பாதையை மறித்தார்களா, தண்ணீரை மறித்தார்களா? இவை எல்லாம் சாதிக்குச் சாட்சி. நடக்காத ஒன்றைச் சேர்த்து எழுதாதீர்கள். ஒரு பொய் நுழைந்தால் பத்து உண்மையும் சேர்ந்து விழும். அதற்காகவே அவர்கள் காத்திருக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

மரம் விழுந்த அன்று செய்ய வேண்டியது: குற்றியைத் தொடாதீர்கள், தோண்டி எடுக்க விடாதீர்கள். குற்றியோடு எல்லைக்கல்லும் சேர்ந்து தெரிகிற மாதிரி படம் எடுங்கள். குற்றியின் சுற்றளவை நூல் பிடித்து அளந்து எழுதுங்கள். தடி எந்த வண்டியில் போனது, எந்த மில்லுக்குப் போனது என்று விசாரியுங்கள். அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். வாங்கவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவிலேயே இந்த வழி இருக்கிறது. இடையில் ஊர்ப் பெரியவர்கள் வந்து காசு கொடுத்தால், எழுதாமல் வாங்காதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆனால் இதைவிட முக்கியம், மரம் நிற்கும்போது செய்ய வேண்டியது. நம் வீட்டில் நகைக்குக் கணக்கு உண்டு, சீட்டுக்குக் கணக்கு உண்டு. மரத்துக்குக் கணக்கு கிடையாது. வி.ஏ.ஓ. வைத்திருக்கும் அடங்கலில் நம் மரங்கள் எழுதியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் எழுத மனுக் கொடுங்கள். புறம்போக்கில் நாம் வைத்து வளர்த்த மரம் என்றால் அதன் பலனை அனுபவிக்க 2சி பட்டா என்று ஒன்று உண்டு, அதைக் கேளுங்கள். நிலம் நமதாகாது, ஆனால் மரம் நம் பெயரில் ஏறும். சர்வேயரை வைத்து எல்லையை அளந்து, கல் போட்டு, அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். மரம் வியாபாரி யார் வந்தாலும், அனுமதி வாங்கிவிட்டேன் என்று சொன்னால், அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

படித்த பிள்ளைகள் உங்கள் கையில் எல்லாம் போன் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள். அப்பாவையோ பாட்டியையோ கூட்டிக்கொண்டு விளையைச் சுற்றி நடங்கள். ஒவ்வொரு மரத்தையும் காட்டி, இதை யார் வைத்தது, எப்போது வைத்தது, எது எல்லை என்று கேட்டு, அவர்கள் பேசுவதை அப்படியே வீடியோ எடுங்கள். பிறகு ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, பக்கத்து வீட்டில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். அரை நாள் வேலை. கோர்ட்டில் அது பட்டாவுக்கு ஈடாகாது. ஆனால் "அங்கே மரமே இல்லை" என்று ஒருவன் சொல்லும்போது அவன் வாயை அடைக்கும்.

என் பாட்டி இப்போது இல்லை. அந்த அயனியை எந்த வருடம் வைத்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த மூன்று அடி இன்று எங்களுடையது. உங்கள் பாட்டிகள் இருக்கிறார்கள். போய்க் கேளுங்கள்.